மரியாயின் சேனையில் சேர்வதும் பொறுப்பேற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க ஊழிய அமைப்புக்கு ஆள் சேர்க்கும் ஞாயிறுகளில் இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். பெயர் எழுதிக் கொடுப்பவர்களைவிட சந்தேகம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சேனையின் வட்டார மன்றமான கூரியாவின் செயலராக இருந்தபோது மற்ற பங்குகளுக்கும் போவேன். அங்கேயும் இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் ‘கைநூல்’ என்று வருவது மரியாயின் சேனையின் அதிகாரப்பூர்வக் கைநூல். உலகம் முழுவதும் சேனை அதன்படிதான் நடக்கிறது.

மரியாயின் சேனைன்னா செபமாலை சொல்ற குழுதானே?

செபமாலை சொல்கிறோம். அதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் அது சேனை ஆகாது. வாரம் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தில் தலைவர் கொடுக்கும் ஒரு வேலை, அடுத்த வாரம் அந்த வேலையைப் பற்றி எல்லார் முன்னாலும் ஓர் அறிக்கை. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் மற்ற இரண்டும் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

தொடங்கிய விதத்தைப் பார்த்தாலே இது புரியும். 1921 செப்டம்பர் 7 அன்று, அதாவது நாம் வேளாங்கண்ணித் திருவிழா கொண்டாடும் மாதா பிறந்தநாளுக்கு முந்தைய மாலை, அயர்லாந்தின் டப்ளின் நகரில் மைரா இல்லம் என்ற வீட்டில் சில பெண்கள் கூடினார்கள். பிராங்க் டஃப் என்ற 32 வயது அரசு ஊழியரும் அருட்தந்தை மைக்கேல் டோஹரும் அவர்களுடன் இருந்தார்கள். நடுவில் மாதா சுரூபம், பூ, மெழுகுவர்த்தி வைத்து செபித்தார்கள். செபித்து முடித்ததும் அடுத்த வாரம் என்ன செய்வது என்று பேசினார்கள். ஏழைகள் கிடந்த ஒரு பெரிய மருத்துவமனையில் நோயுற்ற பெண்களை இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. ‘மரியாயின் சேனை’ என்ற பெயர் வந்தது 1925-இல்தான். வேலை பெயருக்கு முன்பே வந்துவிட்டது.

பிரசீடியம், கூரியான்னு என்னென்னவோ சொல்றீங்களே, அதெல்லாம் என்ன?

பழைய ரோமப் படையிலும் ஆட்சி மன்றங்களிலும் வழங்கிய பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பங்கில் வாரந்தோறும் கூடும் அடிப்படைக் குழு பிரசீடியம். ஒரு வட்டாரத்தில் உள்ள பிரசீடியங்களின் பொறுப்பாளர்கள் மாதம் ஒருமுறை கூடும் மன்றம் கூரியா. அதற்கு மேலே கொமிசியம், ரேஜியா, செனாத்துஸ் என்று போய், டப்ளினில் உள்ள கொன்சீலியத்தில் முடியும். புதிதாகச் சேர்பவர் முதல் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

யார் யார் சேரலாம்? எனக்கு அவ்வளவு பக்தியெல்லாம் கிடையாதுங்க.

விசுவாச வாழ்வை உண்மையாகக் கடைப்பிடிக்கும் எந்தக் கத்தோலிக்கரும் சேரலாம். சேனை வழியாக ஊழியம் செய்ய ஆசை இருக்க வேண்டும், உறுப்பினருக்குரிய கடமைகளைச் செய்யச் சம்மதம் இருக்க வேண்டும். படிப்பு, வயது, வசதி எதுவும் தடையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் எங்கள் பிரசீடியத்தில் இருந்தார். அவர் வாய்வழியாகச் சொன்ன அறிக்கைகளைப் போல் தெளிவாக நான் ஒன்றும் எழுதிக் கொண்டுபோனதில்லை.

‘பக்தி போதாது’ என்பதைப் பெரும்பாலும் நல்லவர்கள்தான் சொல்கிறார்கள். பக்தி முழுமையடைந்த பிறகு வரச் சொன்னால் யாருமே வர முடியாது. ஞாயிறு திருப்பலிக்கு வருகிறீர்கள், இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டும் என்று மனதில் ஏதோ அரிக்கிறது என்றால் வாருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இளையோர் பிரசீடியம் தனியாக உண்டு. அதன் தலைவர் மட்டும் பெரியவராக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா இந்து. மாதா மேல உயிரையே வச்சிருக்காங்க. அவங்களைச் சேர்த்துக்கலாமா?

உறுப்பினராகச் சேர்வது கத்தோலிக்கருக்கு மட்டும். ஆனால் ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் அவர்களை அனுப்பிவிடாதீர்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் எத்தனையோ பேர் நம் மதத்தவர் இல்லை. அந்த அன்பை மாதா ஏற்றுக்கொள்ளாமலா இருப்பார்? அவர்களோடு சேர்ந்து செபிக்கலாம், அவர்கள் வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்க்கலாம், அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றுவது மட்டும்தான் இயலாது.

எனக்கு வாராவாரம் வர முடியாது. செபம் மட்டும் சொல்றேன்னா சேர்த்துப்பீங்களா?

தாராளமாக. அவர்களுக்குத்தான் துணை உறுப்பினர் என்று பெயர். ‘தெசெரா’ என்ற சிறு மடிப்புத் தாளில் உள்ள செபங்களை, செபமாலையோடு சேர்த்து, தினமும் சொல்ல வேண்டும். கூட்டம் கிடையாது, வேலை கிடையாது. குருக்கள், அருள்சகோதரிகள், படுக்கையில் இருப்பவர்கள், குழந்தையை விட்டு வர முடியாத தாய்மார் எல்லாரும் துணை உறுப்பினராகலாம்.

செயல்படும் உறுப்பினர் வாரக் கூட்டத்துக்கு வர வேண்டும், வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்ய வேண்டும், ‘கத்தேனா’ என்ற செபத்தைத் தினமும் சொல்ல வேண்டும். கத்தேனா என்றால் சங்கிலி. மாதாவின் பாடல்தான் அதன் நடுப்பகுதி, சொல்லி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கவனித்தீர்களா, தினசரி செபத்தின் அளவில் துணை உறுப்பினருக்குத்தான் கடமை அதிகம். ‘வெறும் துணை உறுப்பினர்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சேர்ந்ததும் மூணு மாசம் சோதிச்சுப் பார்ப்பாங்களாமே?

ஆமாம், குறைந்தது மூன்று மாதம் பயிற்சிக்காலம். சோதனை என்று பயப்பட வேண்டாம். முதல் வாரத்திலிருந்தே உங்களுக்கு வேலை உண்டு, அறிக்கை உண்டு, இருக்கை உண்டு. சேனை உங்களைப் பார்க்கிறது, நீங்கள் சேனையைப் பார்க்கிறீர்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் திருப்தி என்றால் கூட்டத்திலேயே வாக்குறுதி எடுப்பீர்கள். உங்களுக்கு இன்னும் தயக்கம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் தள்ளிப்போடலாம். அதற்கு மேலும் இழுக்கக் கூடாது, வாக்குறுதி எடுக்க வேண்டும் அல்லது விலகிவிட வேண்டும். ‘பயிற்சிக்காலத்திலேயே நாலு வருஷமா இருக்கேன்’ என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே தவறு அவருடையதாகத் தெரியவில்லை. மூன்றாவது மாதம் அவரிடம் யாரும் கேட்கவேயில்லை!

வாக்குறுதின்னா கன்னியர்கள் எடுக்கிற வார்த்தைப்பாடு மாதிரியா? எடுத்துட்டா விலக முடியாதா?

இல்லை. துறவியரின் வார்த்தைப்பாடு வேறு, இது வேறு. குடும்பம், தொழில், சொத்து எதையும் இது தொடாது. விலக நினைத்தால் விலகலாம்.

அதற்காக வெறும் சடங்கும் இல்லை. மாதாவின் சேனையாக இருந்தாலும் இந்த வாக்குறுதி தூய ஆவியாரை நோக்கிச் சொல்லப்படுகிறது. வெக்ஸில்லும் என்ற சேனைக் கொடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தகுதியில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆவியாரின் வல்லமையைக் கேட்டுச் சொல்கிற சொற்கள் அவை. முந்தின நாளே ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு வாருங்கள்.

மூணு வாரம் வரலன்னா பேரை எடுத்துடுவீங்களா?

மூன்று வாரம் என்று ஒரு விதி கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் கூட்டத்தில் தலைவர் நிலையான அறிவுரையை வாசிப்பார். ஒழுங்காகவும் நேரத்துக்கும் கூட்டத்துக்கு வருவதுதான் அதில் முதல் கடமை. கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் விதி. உறுப்பினரிடம் நேரம் கேட்கிற சேனை, அவருடைய நேரத்தையும் மதிக்கிறது.

ஒருவர் வரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அது துணைத் தலைவரின் பொறுப்பு. ஒருவருக்கு மாமியார் படுத்த படுக்கையாக இருந்திருக்கும், இன்னொருவருக்கு வேலையில் ஷிப்ட் மாறியிருக்கும். போன் போட்டு ‘ஏன் வரல?’ என்று கேட்பதும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதும் ஒன்றாகாது.

ஏழைங்க வீட்டுக்குப் போறோம். ஒரு கிலோ அரிசி கூடக் கொடுக்கக் கூடாதுன்னா அது என்ன நியாயம்?

மேசைக்கு வந்தவர்களில் கோபமாகப் பேசியவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். நானும் முதல் வருடம் இதற்காகச் சண்டை போட்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சேனையின் பெயரால் பொருளுதவி செய்யக் கூடாது என்பது உறுதியான விதி. பிராங்க் டஃப் ஏழைகளை அறியாதவர் இல்லை. சேனை தொடங்கும் முன்பே வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்து வீடு வீடாக உதவி கொண்டுபோனவர். கையில் பையோடு ஒருவர் வந்தால் கதவு திறக்கிற விதமே மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வாங்குகிறவருக்கு ஒரு கூச்சம், வாங்காதவருக்கு ஒரு மனக்குறை. கொஞ்சம் வசதியுள்ள வீட்டுக்காரரோ ‘நாங்க என்ன கஷ்டத்துலயா இருக்கோம்?’ என்று கதவையே திறக்க மாட்டார். சேனை எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே மாதிரி. வெறுங்கையோடு போனால்தான் அது முடியும்.

சரி, பசியோடு இருக்கிற வீட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவதா? கூடாது. அன்றைக்கே பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கோ பங்குத்தந்தைக்கோ சொல்லுங்கள். கையால் செய்யும் உதவிக்குத் தடையே இல்லை. தண்ணீர் பிடித்துக் கொடுக்கலாம், மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம், ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதித் தரலாம், கிழவி ஒருத்தியின் தலையை வாரிவிடலாம். நான் பார்த்தவரை அரிசிப் பையைவிட இவை கடினம்.

வேலைக்கு எப்பவும் ரெண்டு பேராத்தான் போகணுமா?

ஆமாம். இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார், அந்த முறைதான். ஒருவர் தடுமாறினால் மற்றவர் பேசுவார். புதியவர் பழையவரிடம் கற்றுக்கொள்வார். தவறான பேச்சு எழாமல் இருவருக்கும் அது ஒரு பாதுகாப்பு. இணையைத் தலைவர்தான் முடிவு செய்வார். எப்போதும் ஒரே தோழியோடுதான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

எங்க வீட்டு விஷயத்தைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்வாங்களாமே? அதான் பயமா இருக்கு.

இந்தப் பயம் நியாயமானது. சில இடங்களில் நாமே அதற்குக் காரணமாக இருந்திருக்கிறோம். கூட்டத்திலும் வேலையின்போதும் தெரிந்துகொண்டது எதையும் வெளியே பேசக் கூடாது. கணவரிடம்கூட, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில்கூட. இதை மீறுவதைச் சேனைக்குச் செய்யும் துரோகம் என்றே நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

அறிக்கை சொல்லும்போதும் எல்லாவற்றையும் அவிழ்க்கத் தேவையில்லை. நுட்பமான விஷயம் என்றால் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிட்டு, செய்த வேலையை மட்டும் சொன்னால் போதும். ‘ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம், ஒரு மணி நேரம் பேசினோம், மறுபடியும் வரச் சொன்னார்கள்’ என்பது முழுமையான அறிக்கைதான்.

சந்தா எவ்வளவு? பணம் யார் கையில இருக்கும்?

சந்தா இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு துணிப்பை கைமாறி வரும், இரகசியப் பை என்று பெயர். எல்லாரும் உள்ளே கையை விடுவார்கள். போட்டவர் யார், போடாதவர் யார், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பொருளாளர் எண்ணிக் கணக்கில் எழுதி வாரந்தோறும் வாசிப்பார். பிரசீடியத்தின் செலவு போக ஒரு பகுதி கூரியாவுக்குப் போகும், வருடம் ஒருமுறை தணிக்கையும் உண்டு.

ஓய்வுபெறும் தலைவருக்குப் பொன்னாடை, மோதிரம், கடிகாரம் வாங்கித் தரலாமா என்று கேட்பார்கள். உறுப்பினருக்குப் பணமோ பொருளோ பரிசளிக்கக் கூடாது என்பது விதி. எல்லாரும் சேர்ந்து இத்தனை திருப்பலி, இத்தனை செபமாலை அவருக்காக ஒப்புக்கொடுத்தோம் என்று எழுதிய செப மலர்க்கொத்தைக் கொடுக்கலாம். என் வீட்டில் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

எங்க தெருக்காரங்க மட்டும் சேர்ந்து ஒரு பிரசீடியம் வச்சுக்கலாமா? பழகினவங்களா இருப்போம்ல.

‘தெரு’ என்று சொல்லும்போது என்ன பொருள் என்று கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் ஊர்களில் தெரு என்பது பல இடங்களில் சாதிக்கு இன்னொரு பெயர். ஒரு குறிப்பிட்ட வகுப்பாருக்கு மட்டும் என்று பிரசீடியம் அமைப்பதைக் கைநூல் பொதுவாகவே ஏற்பதில்லை. உறுப்பினர்களைச் சகோதரர், சகோதரி என்று அழைப்பதும் இதனால்தான். டாக்டரும் சகோதரர், கோவில் கூட்டுகிறவரும் சகோதரர்.

பங்கின் பரப்பு பெரியது, ஒவ்வொரு கிளைக் கிராமத்துக்கும் ஒரு பிரசீடியம் என்றால் அது தூரக் கணக்கு, அதில் தவறில்லை. அங்கேயும் யார் வந்தாலும் இடம் இருக்க வேண்டும். இன்னார் வீட்டுக்கு வேலைக்குப் போக மாட்டேன், இன்னாரோடு இணையாகப் போக மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு செபமாலை சொன்னாலும் அவரை வாக்குறுதிக்கு அழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை வாங்கிவிட்டு வருகிறோம் இல்லையா?

தேர்தல் நேரத்துல கட்சிக்காரங்க வந்து உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்கன்னு கேக்குறாங்க. என்ன செய்றது?

கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பிரசீடியத்தின் செல்வாக்கோ கூட்டம் நடக்கும் இடமோ எந்தக் கட்சிக்கும் பயன்படக் கூடாது. உங்கள் சொந்த ஓட்டு, சொந்தக் கருத்து உங்களுடையது. சேனை வேலைக்காகப் போன வீட்டில் அதைப் பேசாதீர்கள்.

தலைவரை ஓட்டு போட்டுத்தானே எடுப்பீங்க?

பிரசீடியத்தில் தேர்தல் இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தலைவர், துணைத் தலைவர், செயலர், பொருளாளர் நான்கு பேரையும் கூரியா நியமிக்கிறது. கூரியாவின் தலைவர் முன்கூட்டியே விசாரிப்பார், முக்கியமாக அந்தப் பிரசீடியத்துக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருக்கும் ஆன்ம இயக்குநரிடம். பிறகு தகுதியானவர் என்று படுகிறவரின் பெயரைக் கூரியாவின் முன் வைப்பார், கூரியா திருப்தியடைந்தால் நியமிக்கும். ஆளைப் பற்றிய நல்லது கெட்டதைச் சபையில் விவாதிக்க மாட்டார்கள்.

ஏன் இப்படி? பத்துப் பேர் உள்ள குழுவில் ஆறுக்கு நான்கு என்று ஓட்டு விழுந்தால், தோற்ற நால்வரும் அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு யாரோடு போவார்கள்? எங்கள் வட்டாரத்தில் ஒரு பிரசீடியம் விதி தெரியாமல் தேர்தல் வைத்தது. மூன்று மாதத்தில் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு எதிரே வெற்றுக் கட்டம்.

கூரியாவின் பொறுப்பாளர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பெயரை ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பிறகு இரகசிய வாக்கு. மற்றவர்களின் மொத்த வாக்கைவிட அதிகம் பெற வேண்டும். அப்படி யாரும் பெறாவிட்டால் கடைசியில் வந்தவரை நீக்கிவிட்டு மறுபடியும் வாக்கெடுப்பு. அதற்கு மேல்மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.

தலைவர்னா அப்படி என்ன வேலை? கூட்டத்தை நடத்துறதுதானே?

முதல் கடமை கூரியாக் கூட்டத்துக்குப் போவது. அதை விட்டால் பிரசீடியம் ஒரு தனித்தீவு ஆகிவிடும். அடுத்தது வேலையைப் பகிர்ந்து கொடுப்பது. ஒவ்வொருவருக்கும் இந்த வாரம் இன்ன வேலை, இன்னாரோடு என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘முடிஞ்சதைச் செய்ங்க’ என்று சொல்கிற தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தப் பிரசீடியத்தில் வேலை நடக்காது. நிகழ்ச்சிக் குறிப்பேடுகளைப் புரட்டும்போது இரண்டே பக்கத்தில் இது தெரிந்துவிடும்.

துணைத் தலைவரின் கையில் வருகைப் பதிவேடும் ஆட்களின் நலனும். புதியவரை வரவேற்பது, வராதவரைத் தேடுவது, நோயுற்ற உறுப்பினரைப் பார்ப்பது, இறந்தவருக்காக செபங்கள் நடக்கின்றனவா என்று கவனிப்பது. பிரசீடியத்தின் தாய் அவர்தான் என்று நான் சொல்வேன். செயலர் குறிப்பு எழுதுகிறார், பொருளாளர் கணக்கு எழுதுகிறார்.

பங்குச் சாமியார் சொன்னா எல்லாத்தையும் மாத்திடலாமா? அவருக்கு என்ன அதிகாரம்?

அவர் அனுமதியில்லாமல் பங்கில் பிரசீடியமே தொடங்க முடியாது. ஆன்ம இயக்குநரை நியமிப்பதும் அவர் அல்லது ஆயர். பல பங்குகளில் பங்குத்தந்தையே ஆன்ம இயக்குநராகவும் இருப்பார். விசுவாசம், ஒழுக்கம் சார்ந்த விஷயங்களில் அவர் சொல்லே முடிவு. கூட்டத்தில் ஏதாவது தவறான திசையில் போனால் நிறுத்திவைக்கவும் அவரால் முடியும்.

அதே நேரம் சேனையின் அமைப்பை, செபங்களை, கூட்டத்தின் ஒழுங்கை அவரவர் பங்குக்கு ஏற்றபடி மாற்ற யாருக்கும் இடமில்லை. நான் பார்த்த குருக்களில் பெரும்பாலானோர் இதைப் புரிந்தவர்கள். கைநூலின் அந்தப் பக்கத்தை மரியாதையாகக் காட்டினால் போதும். சாமியாருக்கு வாரந்தோறும் வர நேரமில்லை என்றால், வேறொரு குருவையோ துறவியையோ அவர் தன் இடத்தில் அனுப்பலாம். தகுந்த உறுப்பினர் ஒருவரைக்கூட நியமிக்கலாம், அவருக்குத் ‘திரிபூன்’ என்று பெயர்.

எங்க தலைவி பதினஞ்சு வருஷமா இருக்காங்க. நல்லாத்தான் செய்றாங்க. மாத்தணுமா?

மாற்ற வேண்டும். ஒரு பொறுப்பின் காலம் மூன்று ஆண்டு. இன்னொரு மூன்று ஆண்டு நீட்டிக்கலாம், மொத்தம் ஆறு. அதன்பின் அதே பிரசீடியத்தில் அதே பொறுப்புக்கு வர மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். அவர் உடனேயே அங்கே வேறு பொறுப்பு ஏற்கலாம், அல்லது வேறு பிரசீடியத்தில் தலைவராகவே போகலாம்.

நன்றாகச் செய்கிறவரை ஏன் எடுக்க வேண்டும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. அவர் நன்றாகச் செய்வதாலேயே மற்றவர்கள் கற்றுக்கொள்ளாமல் இருக்கிறார்கள். அவர் படுத்துவிட்டால் பிரசீடியமும் படுத்துவிடும். பதினைந்து வருடத் தலைவி ஒருவரிடம் நானே போய் இதைப் பேசியிருக்கிறேன். முதலில் அழுதார். பிறகு பயிற்சிக்கால உறுப்பினர்களை வேலைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை ஏற்றார். இன்றைய தலைவி அவர் பழக்கிய பெண்தான்.

ஒருத்தர் தலைவராகி ஒரு வருஷத்துலயே வேற ஊருக்குப் போயிட்டார். ஆறு வருஷக் கணக்கை எப்படிப் போடுறது?

பாதியில் விலகினாலும், விலகிய நாளில் அவர் அந்த மூன்றாண்டுக் காலத்தை முடித்ததாகவே கணக்கு. முதல் மூன்றாண்டில் விலகியவர் என்றால், திரும்பி வந்தால் இரண்டாவது காலத்துக்கு நியமிக்கலாம். இரண்டாவது காலத்தில் விலகியவர் என்றால், விலகிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ‘ராஜினாமா பண்ணிட்டு மறுபடி புதுசா ஆரம்பிச்சா ஆறு வருஷம் கிடைக்கும்ல?’ என்று ஒருவர் கேட்டார். கிடைக்காது.

சண்டை பெருசாயிடுச்சு. ஒருத்தரை நீக்கணும்னா தலைவரே நீக்கலாமா?

கூரியாவிடம் போக வேண்டும். உறுப்பினரை இடைநிறுத்தவும் நீக்கவும் அதிகாரம் அதற்கு உண்டு. நீக்கப்பட்டவர் அதற்கு அடுத்த மேல்மன்றத்தில் முறையிடலாம். அந்த உரிமை இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டியதும் நம் கடமை.

கூரியாவில் இருந்த காலத்தில் இப்படி வந்த புகார்களில் பாதி, முன்பு சொன்ன இரகசியம் காக்காததால் வந்தவை. மீதியில் பெரும்பகுதி, காலம் முடிந்தும் இறங்காத பொறுப்பாளரால் வந்தவை. நீக்கும் நிலைக்குப் போகும் முன் ஆன்ம இயக்குநர் இருவரையும் தனித்தனியாக ஒருமுறை கேட்கட்டும். தவக்காலத்தில் வந்த ஒரு வழக்கு ஆச்சியெஸ் விழாவில் முடிந்தது. மார்ச் 25-ஐ ஒட்டி எல்லாரும் கொடியருகே வந்து தம்மை மாதாவுக்கு ஒப்புக்கொடுக்கும் ஆண்டு விழா அது. வரிசையில் இருவரும் அடுத்தடுத்து நிற்க நேர்ந்தது.

நாங்க இப்போ மூணு பேர்தான் மிச்சம். மூணு பேருக்கும் ஆறு வருஷம் முடிஞ்சாச்சு. மூடிடலாமா?

நீங்களாக முடிவெடுக்காதீர்கள், முதலில் கூரியாவுக்குச் சொல்லுங்கள். வேறு பிரசீடியத்திலிருந்து அனுபவமுள்ள ஒருவரைச் சில மாதம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மூன்று பேரும் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம். முன்பு சொன்னபடி, வேறு பொறுப்பு என்றால் இடைவெளி தேவையில்லை. புதிதாகத் தொடங்கும் பிரசீடியமே நான்கைந்து பேரோடு தொடங்கலாம் என்றால், உங்களுக்குக் குறைவது ஒருவரோ இருவரோதான்.

அந்த ஒருவரைத் தேட வேலையை நிறுத்தாதீர்கள். எங்கள் பங்கில் ஒரு பிரசீடியம் இதே நிலையில் இருந்தது. அந்த மூவரும் வாரந்தோறும் பார்த்து வந்த ஒரு நோயாளியின் மருமகள் ஒருநாள் அவர்களோடு கூட்டத்துக்கு வந்தார். பதிவேட்டில் நான்காவது பெயர் அவருடையது.